முதுகு திறந்த றேடியோ

எங்கள் வீட்டு றேடியோவுக்கு முதுகு மூடி இல்லை. எப்போது கழன்றது என்று ஒருவருக்கும் தெரியாது. உள்ளே இருக்கும் செப்புச் சுருள், ஈயப் பொட்டுகள், சின்னக் காந்தம், அதற்குள் கூடு கட்ட வந்த குளவி எல்லாம் வெளியே தெரியும். தொண்ணூறுகளில் வன்னிக்குள் கொண்டுவரக் கூடாதென்று அரசாங்கம் தடை போட்டிருந்த சாமான்களில் பற்றரியும் ஒன்று. ஆகவே இரவானால் முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைப்போம். ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து இரண்டு வயர்கள் அந்தத் திறந்த முதுகுக்குள் போகும். ஒன்பதேகாலுக்குப் பிபிசி தமிழோசை. சுற்றுகிற கை களைத்தால் லண்டனிலிருந்து செய்தி வாசிக்கிறவரின் குரலும் களைக்கும். உடனே ஆள் மாறுவோம். அயல் முழுக்க அந்த முற்றத்தில்தான் இருக்கும்.

பழுதானால் மாமா வருவார். ஆணியைத் தணலில் காய்ச்சி ஈயம் ஒற்றுவார். எங்கேயோ கிடந்த உடைந்த றேடியோவிலிருந்து ஒரு துண்டைக் கழற்றி இதில் வைப்பார். அதைச் செய்த கம்பனி எந்த நாட்டில் இருக்கிறது, இப்படிச் செய்யலாமா என்று அவர் ஒரு நாளும் யோசித்திருக்க மாட்டார். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியதும், ஜாம் போத்தலில் ஒரு விரல் எண்ணெய் விட்டுத் திரி போட்டு நாங்கள் படித்ததும் அந்தக் காலத்தில்தான். இல்லாமை அது. அதைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். மருந்தில்லாமல் செத்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் கையில் இருந்த கொஞ்சச் சாமானும் முழுக்க எங்களுடையதாக இருந்தது.

அந்த றேடியோவை இப்போது அடிக்கடி நினைக்கிறேன். நினைக்க வைப்பது அம்மாவின் போன்.

ஒரு விடியப்புறம் அது தானாக அணைந்து தானாக எழும்பியிருக்கிறது. அழைப்புப் பொத்தான் இருந்த இடத்தில் இல்லை. முகப்பில் அம்மா கேள்விப்பட்டிராத ஒரு விளையாட்டு, சாமான் விற்கும் ஒரு ஆப், துண்டு வீடியோக்கள் காட்டும் இன்னொன்று. "நான் ஒண்டையும் அமத்தேல்லைத் தம்பி, தானா வந்திட்டுது" என்றார் அம்மா, பிழை செய்த பிள்ளை மாதிரி. அந்தக் குரல்தான் எனக்குப் பொறுக்கவில்லை. காசு கொடுத்து வாங்கியவர் பயந்துகொண்டு நிற்கிறார். கேட்காமல் உள்ளே வந்தது சட்டமாக உட்கார்ந்திருக்கிறது.

விளையாட்டும் கடையும் அழிந்தன. வீடியோ ஆப் அழியவில்லை. அதன்மேல் விரலை வைத்து அழுத்தினால் 'அன்இன்ஸ்டோல்' என்ற சொல்லே வரவில்லை. 'டிஸேபிள்' மட்டும் வந்தது. டிஸேபிள் செய்தால் கண்ணுக்குத் தெரியாது, ஓடாது. ஆனால் இடத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே கிடக்கும். போனின் நினைவகத்தில் ஒரு பகுதி தயாரிப்பாளருக்கு உரியது. இயங்குதளம் அங்கேதான் இருக்கிறது; பாவிக்கிறவர் அதில் எழுதவோ அழிக்கவோ முடியாது. அந்தப் பூட்டுக்கு நல்ல நியாயம் இருக்கிறது: கெட்ட ஆப் ஒன்று வந்து புகுந்தாலும் அடித்தளத்தைத் தொட முடியாது. ஆனால் அந்தப் பூட்டுக்குள் இயங்குதளத்தோடு சேர்த்து, வியாபார ஒப்பந்தம் போட்டவர்களின் ஆப்புகளையும் வைத்துவிடுகிறார்கள். எங்களைப் பாதுகாக்கப் போட்ட பூட்டு அவற்றையும் பாதுகாக்கிறது.

இது அம்மாவின் போனில் மட்டும் நடந்த புதினம் இல்லை. சாம்சங் போன்கள் சிலவற்றில் பேஸ்புக்கை அழிக்க முடியாமல் இருப்பதை 2019 ஜனவரியில் ப்ளூம்பேர்க் எழுதியது. அப்போதும் பதில் இதுதான்: அழிக்க முடியாது, முடக்கி வைக்கலாம். 2025இல் லெபனானிலிருந்து இயங்கும் ஸ்மெக்ஸ் என்ற டிஜிட்டல் உரிமை அமைப்பு அதே சாம்சங்குக்கு ஒரு திறந்த கடிதம் எழுதியது. மேற்காசியாவிலும் வடஆபிரிக்காவிலும் விற்ற ஏ, எம் வரிசைப் போன்களில் ஆப்கிளவுட் என்ற ஒன்று கேட்காமலே வைக்கப்பட்டிருக்கிறது, சாதாரண ஆள் அதை எடுக்க முடியாது என்பது முறைப்பாடு. விலை குறைந்த வரிசைகள் அவை. எங்கள் பக்கம் ஆட்கள் வாங்குவதும் அந்த மாதிரிப் போன்களைத்தான்.

தென்கொரியா 2014இலேயே, தேவையில்லாத ஆப்புகளைப் பாவனையாளர் அழிக்க வழி இருக்கவேண்டும் என்று வழிகாட்டல் கொடுத்தது. ஆக, செய்ய முடியாத காரியம் இல்லை. செய்யச் சொல்ல ஆள் வேண்டும்.

கொரோனாக் காலத்தில் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தன. பாடம் எல்லாம் வட்ஸ்அப்பில் வந்தது. சிக்னல் தேடிப் பிள்ளைகள் குளக்கட்டில் ஏறி நின்ற காலம். மாலையில் உடையார்கட்டுக் குளத்துப் பக்கம் போனால் கட்டில் வரிசையாகச் சீருடை இல்லாத ஒரு வகுப்பு நிற்கும். ஒரு வீட்டில் ஒரு போன்; அதில் மூன்று பிள்ளைகளின் பாடம். எட்டு ஜீபி போனென்று சொல்லி வாங்கியதில் பாதிக்கு மேல் கம்பனியே நிரப்பியிருக்கும். விஞ்ஞான ஆசிரியர் அனுப்பிய பீடிஎப் இறங்காது, 'இடம் போதாது' என்று வரும். பிள்ளை அம்மாவின் படத்தை அழிப்பாள், செத்துப்போன மாமாவின் குரல் பதிவை அழிப்பாள். யாருமே திறந்து பார்க்காத அந்த ஆப்புகளை மட்டும் அழிக்க முடியாது. இப்படிப் பூட்டி வைப்பது கெட்டதென்று சொல்ல எனக்கு வேறு ஆதாரம் தேவையில்லை.

ஏன் இப்படி நிரப்புகிறார்கள் என்று தேடினால் கதை கம்பனியோடு நிற்காது. அன்ட்ரொய்ட் திறந்த மூலம்தான். எவரும் எடுத்துப் பாவிக்கலாம். ஆனால் பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் கூகுளோடு ஒப்பந்தம் எழுதவேண்டியிருந்தது. அந்த ஒப்பந்தம் தேடலையும் குரோமையும் சேர்த்துத்தான் தந்தது. அதைத்தான் ஐரோப்பிய ஆணையம் பிடித்தது. 2018 ஜூலையில் 434 கோடி யூரோ தண்டம். 2022இல் நீதிமன்றம் அதை 412.5 கோடியாகக் குறைத்தது, குற்றம் குற்றமாகவே நின்றது. இந்தியாவிலும் 2022 ஒக்டோபரில் போட்டி ஆணையம் 1,337.76 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. அந்த வழக்கைத் தொடக்கி வைத்தது எந்தப் பெரிய கம்பனியும் இல்லை, ஐரோப்பியத் தீர்ப்பை வாசித்துவிட்டு இங்கேயும் இதுதானே நடக்கிறது என்று மனு எழுதிய மூன்று இளையவர்கள். அதை வாசித்த அன்று எனக்கு ஒரு நிமிர்வு வந்தது. அழிக்கும் உரிமையைத் தடுக்கக் கூடாது என்பதும் அந்த ஆணையில் இருந்தது. 2023 மார்ச்சில் மேன்முறையீட்டு நடுவர் மன்றம் தண்டத்தை உறுதிப்படுத்தியது. ஆனால் அந்த ஒரு கட்டளையையும் வேறு சிலவற்றையும் நீக்கிவிட்டது. காசு கட்டவேண்டும், பூட்டு இருக்கலாம். எங்களுக்கு வேண்டியிருந்ததோ மற்றப் பக்கம்.

இதற்குள் 2009 வந்துவிடுகிறது. எதை நினைத்தாலும் எங்கள் ஊரில் அது வரும். அந்த ஜனவரி 21இல் பரந்தன் – முல்லைத்தீவு வீதிக்கு வடக்கே உடையார்கட்டு, சுதந்திரபுரம், தேவிபுரம் பக்கத்தைப் பாதுகாப்பு வலயம் என்று அரசாங்கம் அறிவித்தது. விசுவமடுவிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் சனம் இங்கே வந்து தறப்பாள் கட்டியது. அந்த வலயத்துக்குள்ளேயே எறிகணை விழுந்தது. ஆஸ்பத்திரிப் பக்கமும் விழுந்தது. பிறகு எல்லோரும் கிழக்கே, கிழக்கே. எங்கள் றேடியோ வீட்டோடு போனது. மாமா வலைஞர்மடத்தோடு போனார்.

அந்த ஆண்டு ஜூலையில் நாங்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில், கம்பிக்குள் இருந்தோம். அதே ஜூலையில் அமெரிக்காவில் அமேசன் கம்பனி, கிண்டில் என்ற தன் வாசிப்புக் கருவிகளிலிருந்து ஜோர்ஜ் ஓர்வெல்லின் இரண்டு நாவல்களை, வாங்கியவர்களைக் கேட்காமலே தூரத்திலிருந்து அழித்தது. விற்றவருக்குப் பதிப்புரிமை இல்லை என்பது காரணம். காசைத் திருப்பிக் கொடுத்தார்கள், கம்பனித் தலைவர் மன்னிப்பும் கேட்டார். இதை நான் பல ஆண்டு கழித்துத்தான் வாசித்தேன். வாசித்துவிட்டு மாதத்தைக் கணக்குப் பார்த்தேன். இரண்டையும் ஒரு தராசில் வைக்க நான் வரவில்லை. அப்படி வைப்பது செத்தவர்களுக்குச் செய்யும் துரோகம். ஆனால் எல்லாம் இழந்து வந்தவனுக்கு ஒரு செய்தி வேறு மாதிரிக் கேட்கும். பணம் கொடுத்து வாங்கிய பொருளை, வீட்டு மேசையில் இருக்கும் பொருளை, எங்கேயோ இருக்கிற ஒருவர் ஒரே இரவில் வந்து தொடாமலே எடுக்கலாம் என்பது எனக்குக் கேட்ட விதம் வேறு.

மீளக் குடியேறிய பிறகு முதலில் வந்தது தறப்பாள், பிறகு தகரம், பிறகு போன் கோபுரம். கோபுரம் வந்தவுடன் வீட்டுக்கு வீடு பட்டன் போன். கனடாவிலும் சுவிஸிலும் இருந்த பிள்ளைகள் ஸ்மார்ட் போன் அனுப்பத் தொடங்கியபோது அதில் தமிழ் பெட்டி பெட்டியாகத் தெரிந்தது. மகன் எழுதிய கடிதத்தில் ஒரு எழுத்தும் இல்லை, முழுக்க வெறும் கட்டம். பிறகு அந்தத் தமிழ் எழுத்தாகத் தெரிந்தது எப்படி? அப்டேற்றால்தான். 2013இல் ஐபோன் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பு தமிழ் விசைப்பலகையோடு வந்தது. அன்ட்ரொய்டிலும் புதிய பதிப்புகளோடுதான் தமிழ் ஒழுங்காக நின்றது. எங்கள் ஆச்சிமார் பேரப்பிள்ளையின் பெயரைத் திரையில் தமிழில் வாசித்தது ஒரு அப்டேற்றின் கொடை. 2015இல் ஸ்டேஜ்பிரைட் என்ற ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டபோது, ஒரு படச்செய்தி அனுப்பியே போனுக்குள் நுழையலாம் என்று தெரிந்தது. அதை அடைத்ததும் அப்டேற்தான். ஆகவே அப்டேற் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன்.

சந்தியில் போன் திருத்தும் தம்பி அப்படித்தான் சொல்வார். "அப்டேற் அடிக்காதேங்கோ அண்ணை, போன் இழுக்கும்." ஓட்டையுள்ள போனில் வங்கிக் கணக்கை வைத்திருப்பது ஆபத்து என்று நான் சொல்வேன். அவர் சிரிப்பார். ஆனால் அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. பழைய பற்றரி உள்ள ஐபோன்களின் வேகத்தை அப்டேற் மூலம் குறைத்ததை அப்பிள் 2017 டிசம்பரில் ஒத்துக்கொண்டது. பற்றரி திடீரென்று அணையாமல் இருக்கத்தான் என்றார்கள். அது உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் முன்பே சொல்லியிருந்தால் ஆட்கள் புதுப் பற்றரி போட்டிருப்பார்கள். சொல்லாததால் புதுப் போன் வாங்கினார்கள். அதற்குப் பிரான்ஸ் 2020இல் 2.5 கோடி யூரோ தண்டம் போட்டது. இத்தாலி 2018இலேயே அப்பிளுக்கு ஒரு கோடியும் சாம்சங்குக்கு ஐம்பது லட்சமும் விதித்திருந்தது. நோட் 4 வைத்திருந்தவர்களை, நோட் 7க்காகச் செய்த பதிப்பைப் போடச் சொல்லி நெருக்கியதுதான் சாம்சங்கின் குற்றம். 2025 ஜனவரியில் கூகுள் தன் பிக்சல் 4ஏ போன்கள் சிலவற்றின் பற்றரிக் கொள்ளளவையே ஒரு அப்டேற்றால் குறைத்தது. சூடேறும் ஆபத்து இருந்தது, இலவசமாகப் பற்றரி மாற்றித் தரவும் முன்வந்தது. எங்கள் றேடியோவுக்குப் பற்றரி வராமல் தடுத்தது வீதியில் இருந்த சோதனைச் சாவடி. இப்போது பற்றரி கையிலேயே இருக்கிறது, அதன் அளவைத் தீர்மானிப்பவர் வேறொரு நாட்டில் இருக்கிறார்.

எனக்கு இருக்கும் பெரிய முறைப்பாடு இதுதான்: ஓட்டை அடைப்பதையும் கடை விரிப்பதையும் ஒரே பொதியில் கட்டி அனுப்புகிறார்கள். பாதுகாப்பு வேண்டும் என்றால் கூடவே வரும் வீடியோ ஆப்பையும் ஏற்றுக்கொள். வேண்டாமென்றால் ஓட்டையோடு இரு. கடைத் தம்பி சொல்வதைக் கேட்டு அப்டேற்றை நிறுத்திவைத்திருக்கும் ஆட்களைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. அவர்களை அந்த இடத்துக்குத் தள்ளியது இந்தக் கட்டுத்தான். இரண்டையும் பிரித்து அனுப்புவது தொழில்நுட்பத்தில் முடியாத வேலை இல்லை. அன்ட்ரொய்டின் மாதாந்தப் பாதுகாப்புத் திருத்தம் 2015இலிருந்தே தனியாக வருகிறது. அதைக் கம்பனிகள் தங்கள் சரக்கோடு சேர்க்காமல் அப்படியே கடத்தினால் போதும்.

பெற்றோல் இல்லாத 2022இல் போன் என்பது அடையாள அட்டைக்கு அடுத்த சாமானாகிவிட்டது. ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தது. சிலர் கடையில் அதை அச்செடுத்துப் பொலித்தீன் ஒட்டி வைத்திருந்தார்கள், பலர் போனில். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய அதே ஆட்கள் கியூவில் நின்று திரையை நீட்டினார்கள். உழவு இயந்திரத்துக்கு டீசல், பிள்ளையின் பாடம், வெளிநாட்டுக் காசு, பேரப்பிள்ளையின் முகம் எல்லாம் ஒரு கண்ணாடிக்குள் வந்த பிறகு, அந்தக் கண்ணாடி யாருடையது என்ற கேள்வி சின்னக் கேள்வி இல்லை.

மூங்கிலாற்றுப் பக்கம் ஒரு ஆச்சியின் போனில் ஒரு நாள் வட்ஸ்அப் நின்றுவிட்டது. அதில் இருந்தது அன்ட்ரொய்டின் கிட்காட் பதிப்பு, 2013இல் வெளிவந்தது. அதற்கும் அதற்கு முந்தியவற்றுக்கும் இனி வேலைசெய்யாது என்று வட்ஸ்அப் கம்பனி முடிவெடுத்திருந்தது. போனில் ஒரு பழுதும் இல்லை. திரை உடையவில்லை, பற்றரி இரண்டு நாள் நிற்கும். அந்தப் போனுக்குப் புதிய பதிப்பு தருவதைத் தயாரித்தவர் எப்போதோ நிறுத்திவிட்டார்; ஆச்சி விரும்பினாலும் தானாக ஏற்ற வழியில்லை. பழைய ஓட்டைகளோடு ஒரு செயலியை எல்லாக் காலத்துக்கும் கொண்டு இழுக்க முடியாது என்பது எனக்கு விளங்குகிறது. ஆச்சிக்கு விளங்கியது மகனின் முகம் வராதது மட்டும்.

தமிழோசை வானொலி 2017 ஏப்ரல் 30ஆம் திகதி நின்றது. 1941இல் தொடங்கிய ஒலிபரப்பு. அன்று அந்தக் கடைசி நிகழ்ச்சியைக் கேட்ட பழைய றேடியோக்கள் அடுத்த நாளும் றேடியோக்களாகவே இருந்தன. முள்ளைத் திருப்பினால் திருச்சி வந்தது, மணிலா வந்தது, இரைச்சலாவது வந்தது. ஒலிபரப்பியவர் போனார், பெட்டி சாகவில்லை. பெட்டியைச் செய்தவர் இடையில் வந்து ஒன்றும் கேட்கவில்லை. போனைப் போல அது வங்கி வேலை செய்யாது, உண்மைதான். ஆனால் அந்த ஒரு குணத்தைப் போனுக்கும் கேட்பது பேராசை என்று எனக்குத் தோன்றவில்லை.

கேட்டால் கிடைக்கிறது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. ஐரோப்பாவில் 2025 ஜூன் 20 முதல் புது விதி: ஒரு மாதிரியின் விற்பனை முடிந்த பிறகும் ஐந்து ஆண்டுகளாவது இயங்குதள அப்டேற் கொடுக்கவேண்டும், உதிரிப்பாகமும் ஏழு ஆண்டு கிடைக்கவேண்டும். கூகுள் 2023இலும் சாம்சங் 2024இலும் தங்கள் உயர்ந்த வரிசைகளுக்கு ஏழு ஆண்டு என்று வாக்குக் கொடுத்தன. புதுக்குடியிருப்புக் கடைக் கண்ணாடிக்குள் இருக்கும் விலை குறைந்த போனின் பெட்டியில் அப்படி ஒரு வரி இல்லை. எங்கள் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நுகர்வோர் அதிகார சபை ஒன்று இருக்கிறது. பிஸ்கட் பெட்டியில் முடிவுத் திகதி வேண்டுமென்றால் போன் பெட்டியிலும் வேண்டும்: இந்தப் போனுக்கு எந்த ஆண்டு வரை பாதுகாப்புத் திருத்தம் வரும், எத்தனை ஜீபி உண்மையில் வாங்குகிறவருக்கு, எந்த ஆப்புகளை அழிக்க முடியாது. தமிழிலும் சிங்களத்திலும்.

கம்பனியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் அரசாங்கத்தை மறந்துவிடுவோம். 2025 டிசம்பர் தொடக்கத்தில் இந்திய அரசு சஞ்சார் சாத்தி என்ற தன் ஆப்பை எல்லாப் புதிய போன்களிலும் கட்டாயமாக வைக்கவேண்டும், முடக்க முடியாமல் வைக்கவேண்டும் என்று போன் கம்பனிகளுக்கு உத்தரவிட்டது வெளியே வந்தது. களவு போன போனைக் கண்டுபிடிக்க, மோசடியைத் தடுக்க என்றார்கள். எதிர்ப்பு எழுந்தது, டிசம்பர் 3ஆம் திகதி கட்டாயத்தைக் கைவிட்டார்கள். அந்தச் செய்தியை இங்கே வாசித்த எவருக்கும் அடிவயிறு ஒருமுறை இறுகியிருக்கும். பதிவுக் காகிதமும் சோதனைச் சாவடியும் எங்களுக்குப் புதிதில்லை. அழிக்க முடியாத ஆப்பை வைக்க ஒரு வாசல் இருந்தால், இன்று அதில் வியாபாரி வருவான், நாளைக்கு வேறு யாரும் வரலாம்.

வெளியே போகும் வழியும் ஒடுங்குகிறது. எங்கள் பக்கத்துத் தம்பி ஒருவர் பால் சேர்க்கும் இடத்துக்கு ஒரு சின்ன ஆப் செய்திருக்கிறார். எத்தனை லீற்றர், கொழுப்பு எவ்வளவு, யாருக்கு எவ்வளவு காசு, எல்லாம் தமிழில். பிளே ஸ்டோரில் இல்லை. வட்ஸ்அப்பில் கோப்பாக அனுப்புவார், போட்டுக்கொள்வார்கள். தன்னிடம் பெயர், முகவரி பதிந்து உறுதிசெய்த ஆட்களின் ஆப்புகள்தான் இனி அன்ட்ரொய்டில் ஏறும் என்று கூகுள் 2025 ஓகஸ்டில் அறிவித்தது; 2026 செப்ரெம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடங்கி, 2027இலிருந்து மற்ற நாடுகளுக்கு. எதிர்ப்பு வந்த பிறகு, விபரம் தெரிந்தவர்களுக்கு ஒரு வழி வைப்போம் என்றது. மோசடி ஆப்புகளால் சனம் காசு இழப்பது பொய்யில்லை. எங்கள் ஊரிலும் இழந்திருக்கிறார்கள். எச்சரிக்கட்டும், சிவப்பில் எழுதட்டும். கடைசிச் சொல் போனை வைத்திருப்பவருடையதாக இருக்கவேண்டும்.

அம்மாவின் வீடியோ ஆப் விஷயத்தைச் சந்தித் தம்பியிடம் கொண்டுபோனோம். போனின் செற்றிங்கில் 'பில்ட் நம்பர்' என்ற வரியை ஏழு தரம் தட்டினார். 'நீங்கள் இப்போது டெவலப்பர்' என்று போன் சொன்னது. வயரைக் கணினியில் செருகி, கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தார். மறுகணம் முகப்பில் அந்த ஆப் இல்லை. மாமாவின் காய்ச்சிய ஆணி எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. "முழுக்கப் போகேல்லை அம்மா," என்றார் தம்பி, "உங்கடை கணக்கிலை இருந்து எடுத்திருக்கிறன். அடியிலை அது கிடக்கும். போனை றீசெற் பண்ணினா வரும், பெரிய அப்டேற் வந்தாலும் சிலவேளை வரும். வந்தாக் கொண்டு வாங்கோ."

அம்மா எழும்பவில்லை. "ஒவ்வொரு தரமும் உன்னட்டை வாறதோ? அந்த வரியை ஒரு கொப்பியிலை எழுதித் தா. பேரன் அடிப்பான்."

தம்பி கொப்பியைத் தேடினார். பின்னால் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தி, தனக்கும் ஒன்று எழுதித் தரச் சொல்லித் தன் போனை நீட்டினாள்.